வாழைக்குலையும் குளிரறையும்

குளிர் எப்பொருளையும் காக்கும் என்னும் எண்ணம் கமக்காரரிடையேயும் வணிகரிடையேயும் வேரூன்றியுள்ளது. வாழையைப் பொறுத்தவரை இது பெருந்தவறு. 13 பாகை செல்சியசுக்குக் கீழே சில நாள்கள் வைக்கப்பட்ட காய், வெளியே எடுத்தபின் தோல் மங்கிக் கறுக்கும். சீராகப் பழுக்கவும் மாட்டாது. வாடகையும் கொடுத்துப் பழத்தையும் கெடுப்பது விந்தையே.

இதற்கு முதன்மையான காரணம் கலங்களின் மென்சவ்வில் உள்ளது. இச்சவ்வு பெரும்பாலும் கொழுப்பினாலும் புரதத்தினாலும் ஆனது. தை மாதக் காலையில் நுவரெலியாவிலே தேங்காயெண்ணெய் போத்தலில் உறைந்திருக்க, நல்லெண்ணெய் இளகியே இருப்பதைப் பலர் கண்டிருப்பர். முன்னையதில் நிரம்பிய கொழுப்பமிலங்கள் மிகுதி. பின்னையதில் நிரம்பாதவை மிகுதி. மென்சவ்வும் இவ்வியல்புக்கு உட்பட்டதே. எண்ணெயைப்போல் முற்றாக உறையாவிடினும், அதன் இளக்கம் குன்றுகின்றது. அவ்வாறு இறுகிய சவ்வு, வேண்டியதை விட்டு வேண்டாததைத் தடுக்கும் ஆற்றலை இழக்கின்றது. உப்புக்கள் வெளியே கசிகின்றன. கலத்தினுள்ளே தனித்து அடைபட்டிருந்த பீனோற் பொருள்கள் நொதியங்களுடன் கலந்து, ஒட்சிசன் சேரக் கறுக்கின்றன.

கோவாவும் கரட்டும் குளிர்நாட்டுப் பயிர்கள். 0 பாகையை அண்மிய குளிரையும் அவற்றின் சவ்வு தாங்கும். அவற்றுக்கென அமைத்த அறையிலேயே வாழையையும் அடுக்குதல் சிக்கனமன்று. குளிரறை அமைக்க முன்வரும் கூட்டுறவுச் சங்கங்கள், வெவ்வேறு வெப்பநிலையுடைய இரண்டு அறைகளையேனும் அமைத்தல் வேண்டும் என்பதே எமது கருத்து. பணம் ஓரறைக்கே போதுமாயின், குலைகளைக் காற்றோட்டமுள்ள நிழற்கொட்டிலில் வைத்து விரைவில் விற்றலே மேல்.