ஏவிப் பெற முடியாத முகம்

இங்கிலாந்துப் பள்ளிகளில் புகைப்படக்கலை, கணிதத்தையும் சரித்திரத்தையும் போலவே பொதுப் பரீட்சைக்குரிய ஒரு பாடம். பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ.யிலும் பதினெட்டு வயதில் எழுதும் ஏ-லெவலிலும் அதைத் தேர்ந்துகொள்ளும் மாணாக்கர், மொத்த மதிப்பெண்ணில் 60 விழுக்காட்டைத் தாம் பல மாதங்கள் உழைத்துச் சேர்க்கும் படத்தொகுதியாலும், மீதி 40 விழுக்காட்டைப் பரீட்சைக் குழு அளிக்கும் தலைப்பை ஒட்டி முன்னதாக ஆயத்தம் செய்து, மேற்பார்வையில் 10 மணி நேரமோ, ஏ-லெவலானால் 15 மணி நேரமோ இருந்து முடிக்கும் வேலையாலும் ஈட்ட வேண்டும். புகழ்பெற்ற கலைஞர்களின் படைப்புகளை ஆராய்ந்து, அந்த ஆராய்ச்சியிலிருந்தே தம் சொந்தப் படைப்பு கிளைத்ததெனக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. இதில் குற்றம் சொல்ல ஏதுமில்லை. குருவின் கையைப் பார்த்துச் சீடனின் கை பழகுவது எல்லாக் கலைகளுக்கும் பொதுவான மார்க்கந்தான். ஆனால் குருவிடமிருந்து எதைப் பழகுவது என்ற கேள்விக்கு, பதின்பருவத்தின் உணர்ச்சிகள் என்னும் பொருளை எடுத்துக்கொண்டு வகுப்புத் தோழர்களின் முகங்களைப் படம்பிடிக்கப் புறப்படும் இளைஞர்கள் பெரும்பாலும் தவறான விடையையே பெறுகிறார்கள் என்பது நம் கருத்து.

அத்தகைய படங்களின் லட்சணம் ஏறக்குறைய ஒரே மாதிரியானது. முகத்தில் ஒரு பாதி இருளில் மூழ்கியிருக்கும். கண்மை கரைந்து கன்னத்தில் வழிந்திருக்கும். பின்னாலிருந்து நீண்ட வேறொருவர் கை வாயைப் பொத்தியிருக்கும். ஷட்டரை ஒரு வினாடிக்குத் திறந்து வைத்துத் தலையை இருபுறமும் ஆட்டச் சொன்னதால் இரண்டு மூன்று முகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலங்கித் தெரியும். பிரிண்ட் போட்ட படத்தைக் கிழித்துச் சிவப்பு நூலால் தைத்திருப்பதும் உண்டு. அடியில் ‘தனிமை’ என்றோ ‘பதற்றம்’ என்றோ பெயர் எழுதியிருக்கும். கைத்திறனில் இவற்றுக்குக் குறைவில்லை, உழைப்பிலும் குறைவில்லை. ஆயினும், உணர்ச்சியின் பெயரை முதலில் நிச்சயித்துவிட்டு, அதற்குத் தக்க முகத்தைப் பிறகு தேடிப் பிடித்து, ‘இப்படி நில், இப்படிப் பார், கொஞ்சம் சோகமாக இரு’ என்று ஏவி எடுத்த படத்தில் நாம் காண்பது ஓர் அபிநயமே ஒழிய, அந்தப் பிள்ளையை அல்ல.

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர், ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்று முப்பத்திரண்டாக விரித்தார். புலவனுக்கும் கூத்தனுக்கும் அந்தப் பாகுபாடு இன்றியமையாதது. அரங்கில் அச்சம் அச்சமாகவும் உவகை உவகையாகவும் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் தெரிந்தாக வேண்டும். ஆனால், பள்ளி மைதானத்தின் ஓரத்தில் தோழர்களை விட்டு நாலடி தள்ளி நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளையின் முகத்தில் பெருமிதமும் அச்சமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. எல்லோரும் தன்னைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும், ஒருவர் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதே என்ற கூச்சமும் ஒரே கணத்தில் அங்கே குடியிருக்கின்றன. தனக்கே பெயர் தெரியாத அந்தக் கலவைக்குப் பிறர் ஒரு பெயரைச் சூட்டி, அதை நடித்துக் காட்டச் சொல்லும்போது, அந்தப் பருவத்துக்கே உரிய விசேஷம் முதற்கண் கழன்று போய்விடுகிறது.

இந்தக் கலவையைப் படத்தில் கொண்டுவந்ததற்காக உலகம் அறிந்தவர், நெதர்லாந்தின் ரினெக்கே டைக்ஸ்ட்ரா. பதின்பருவத்தை எடுத்துக்கொள்ளும் மாணாக்கர் குருவாக வரித்துக்கொள்வோரில் இவரும் ஒருவர். 1959-இல் சிட்டார்ட் நகரில் பிறந்து, ஆம்ஸ்டர்டாமின் கெரிட் ரீட்வெல்ட் கலைக்கூடத்தில் பயின்று, பத்திரிகைகளுக்காகப் பிரமுகர்களைப் படமெடுத்து ஜீவனம் செய்துவந்தவர் அவர். கேமராவுக்கு முகம் காட்டிப் பழகிய அந்தப் பிரமுகர்கள், தம்மை எவ்வளவு காட்டலாம் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருப்பவர்கள். 1990-இல் சைக்கிள் விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து, தேறுவதற்காக நாள்தோறும் நீந்திவந்த டைக்ஸ்ட்ரா, 1991 ஜூன் மாதத்தில் ஒருநாள் நீந்திக் களைத்துக் கரையேறிய கையோடு தம்மைத் தாமே படமெடுத்துக்கொண்டார். போஸ் கொடுக்கத் திராணியில்லாத அந்த நிலையில் விழுந்த தம் உருவத்தில், பிரமுகர்களிடம் கிடைக்காத ஒன்று கிடைத்திருப்பதை அவர் கண்டார். அவருடைய பிற்காலப் படைப்புகள் எல்லாவற்றுக்கும் வித்து அதுவே.

மறு ஆண்டு தொடங்கி, அமெரிக்கா, போலந்து, இங்கிலாந்து, உக்ரைன் எனப் பல நாட்டுக் கடற்கரைகளில், குளிக்க வந்த சிறுவர் சிறுமியரை அவர் படமெடுத்தார். முக்காலியின்மேல் ஏற்றிய பெரிய பிலிம் கேமரா, பகல் வெளிச்சத்துக்குத் துணையாக ஒரு பிளாஷ், முதுகுக்குப் பின்னால் கடலும் வானமும், அதற்குமேல் ஒன்றுமில்லை. கேமராவைத் தாழ வைத்து எடுத்ததால், மெலிந்த அந்த உடல்கள் கோயில் மண்டபத்துச் சிலைகளுக்குரிய கௌரவத்தோடு எழுந்து நிற்கின்றன. போலந்தின் கோவோப்ஜெக் கடற்கரையில் பச்சை நீச்சலுடையில் தலையைச் சற்றே சாய்த்து, ஒரு காலில் பாரத்தை ஊன்றி நிற்கும் சிறுமியைப் பார்த்துப் போத்திச்செல்லி தீட்டிய வீனஸை நினைவுகூராத விமரிசகர் அரியர். அந்தப் படத்துக்கு டைக்ஸ்ட்ரா இட்ட பெயர் ஊரும் தேதியும் மட்டுமே: கோவோப்ஜெக், போலந்து, ஜூலை 26, 1992. ‘ஏக்கம்’ என்றோ ‘கன்னிமையின் நாணம்’ என்றோ அவர் எழுதவில்லை. என்ன உணர்ச்சி என்று சொல்லாமல் விட்டதனாலேயே அதைத் தேடும் பொறுப்பு பார்ப்பவரிடம் வந்து சேர்கிறது.

அவர் கையாளும் உபகரணத்துக்கும் இதில் பங்குண்டு. அந்தக் கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு தகடாகப் பிலிம் மாட்ட வேண்டும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் உருவத்தைத் துலக்கமாக்க வேண்டும். பிறகு வெளியே வந்து, தகட்டைச் செருகி, மூடியை உருவி, அதன்பின்னரே ஷட்டரை அழுத்த முடியும். இத்தனையும் நடக்கும்வரை எதிரே நிற்பவருக்கு நிற்பதைத் தவிர வேறு வேலையில்லை. முதலில் கொடுத்த போஸ் சற்று நேரத்தில் கையிலிருந்து நழுவுகிறது. அடுத்ததை எடுத்து மாட்டிக்கொள்வதற்குள், தோள் ஒருபுறம் தளர்கிறது, விரல்கள் துணியின் ஓரத்தைத் தேடுகின்றன. உறை ஊற்றிய பாலைக் கலக்கிக்கொண்டே இருந்தால் தயிர் தோயாது. முகமும் அப்படித்தான், ஓயாமல் யோசனை சொல்லிக்கொண்டிருப்பவருக்குத் தன் சுபாவத்தைக் காட்டாது.

இவரைப் பின்பற்றும் மாணாக்கர் எடுத்துக்கொள்வது எதை? ஆளை நடுவில் நிறுத்துவதையும், வெறுமையான பின்னணியையும், சிரிப்பற்ற முகத்தையும். ‘சிரிக்காதே’ என்பதும் ‘சிரி’ என்பதைப் போலவே ஓர் ஏவல் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஒரு நிமிஷத்தில் நூறு படம் எடுக்கும் டிஜிட்டல் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு, தோழியைச் சுவரோரம் நிறுத்தி, சிரிக்காமல் பார்க்கச் சொல்லி, பத்தே நிமிஷத்தில் காரியத்தை முடித்துக்கொண்டு, ‘டைக்ஸ்ட்ராவின் பாணியில்’ என்று ஏட்டில் எழுதிவிடுகிறார்கள். பாணி வந்துவிட்டது, பாணியை ஈன்ற பொறுமை வரவில்லை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. வேஷம் கட்டிப் பார்ப்பதே அந்த வயதின் இயல்பல்லவா, முகமூடியை மாற்றி மாற்றி அணிந்துதானே அவர்கள் தம்மைக் கண்டுகொள்கிறார்கள், அப்படியிருக்க நடிப்பை மட்டும் ஏன் விலக்க வேண்டும் என்று கேட்கலாம். நடிப்பை விலக்க வேண்டும் என்பது நம் வாதம் அன்று. டைக்ஸ்ட்ராவும் அதை விலக்கவில்லை. 1992 ஜூனில் அமெரிக்காவின் ஹில்டன் ஹெட் தீவில் அவர் எடுத்த சிறுமி, நகை அணிந்து, முகத்துக்குப் பூசி, பறக்கும் கூந்தலை ஒரு கையால் பிடித்தபடி, பத்திரிகை அட்டையில் வரும் அழகியைப் போல நிற்கவே பிரயத்தனம் செய்கிறாள். அந்தப் பிரயத்தனம் முழுவதும் படத்தில் இருக்கிறது. அது முற்றிலும் கைகூடாமற்போவதும் இருக்கிறது. அவள் தானாக மேற்கொண்ட வேஷம் அது. அதற்கும் அவளுக்கும் நடுவே விழுந்த இடைவெளியே அந்தப் படத்தின் பொருள். கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் மாட்டிவிட்ட வேஷத்தில் அப்படியோர் இடைவெளி விழுவதற்கு வழியில்லை. அங்கே தெரிவதெல்லாம் மாட்டிவிட்டவரின் சாதுரியம்.

டைக்ஸ்ட்ராவுக்கு அரிதாகக் கிடைத்த ஒரு வசதி பள்ளி மாணாக்கருக்கு எளிதில் கிடைத்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1994-இல் லைடன் நகரின் அகதிகள் விடுதியில் நாற்காலியில் அமர்ந்திருந்த ஒரு போஸ்னியச் சிறுமியைப் படமெடுத்த அவர், அதே பெண்ணை ஓரிரண்டு ஆண்டுக்கொரு முறை 2008 வரையில் தேடிச்சென்று எடுத்தார். முதற்படத்தில் சிறுமியின் கால்கள் தரையைத் தொடவில்லை. பின்னொரு படத்தில் பாதங்கள் தரையில் ஊன்றியிருக்கின்றன. கடைசிப் படத்தில் அவள் மடியில் குழந்தை. வகுப்பறையிலோ, இரண்டாண்டுக் காலம் ஒரே தோழனை நாள்தோறும் பார்க்கலாம். பருவத்துக்கொரு முறை, அதே சன்னலோரம், அதே லென்ஸால் அவனை எடுத்து வைத்தால், குரல் உடைந்ததும் மீசை அரும்பியதும் மட்டுமல்லாமல், அவன் கேமராவைப் பார்க்கும் பார்வையே மாறிவந்ததும் தெரியும். காலம் செய்துகாட்டும் அந்த வேலைக்கு நூலும் ஊசியும் ஈடாகா.

முகம் சொல்லாததைச் சொல்லாலும் பெறலாம். அமெரிக்கப் புகைப்படக்காரர் டாவூத் பே, அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணாக்கரை அவரவர் பள்ளியிலேயே படமெடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அந்த மாணாக்கர் தம்மைப் பற்றித் தம் வார்த்தையில் எழுதியதை வைத்து, ‘கிளாஸ் பிக்சர்ஸ்’ என்று 2007-இல் நூலாக வெளியிட்டார். டைக்ஸ்ட்ராவே 2009-இல் லிவர்பூலின் டேட் காட்சிச்சாலையில், பிகாசோ 1937-இல் தீட்டிய அழும் பெண்ணின் ஓவியத்தைச் சீருடை அணிந்த பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டி, அவர்கள் பேசுவதை வீடியோவாகப் பதிந்தார். அந்த வீடியோவில் ஓவியம் ஒருமுறைகூடத் தென்படுவதில்லை; தெரிவன ஓவியத்தைப் பார்க்கும் முகங்கள் மட்டுமே. அவள் ஏன் அழுகிறாள் என்று ஒருவர் ஒரு காரணம் சொல்ல, இன்னொருவர் அதை மறுத்து வேறொன்று சொல்ல, பிறர் துக்கத்தைப் பற்றிய அந்தப் பேச்சில் அவரவர் மனம் தன்னையறியாமல் வெளிப்படுகிறது. ‘உன் துக்கத்தைக் காட்டு’ என்று அவர் ஒரு பிள்ளையிடமும் கேட்கவில்லை.

சம்மதம் பற்றியும் ஒரு வார்த்தை. கடற்கரையில் எடுக்கப்பட்டவர்கள் அந்நியர்; வகுப்பில் எடுக்கப்படுபவரோ மறுநாளும் அதே பெஞ்சில் பக்கத்தில் உட்கார வேண்டியவர். ‘மனச்சோர்வு’ என்ற தலைப்பின்கீழ் தொங்கும் தன் முகத்தைப் பள்ளி முழுவதும் பார்த்துப் போவதை அவர் தாங்க வேண்டியிருக்கும். அந்தப் பெயர் படத்தோடு நில்லாமல் ஆளோடும் ஒட்டிக்கொள்வதுண்டு. ஆகையால், எடுத்த படங்களை ஆசிரியருக்குக் காட்டுமுன் எடுக்கப்பட்டவருக்குக் காட்ட வேண்டும். அவர் வேண்டாம் என்று ஒதுக்கியதை, அது எத்தனை அழகாக இருந்தாலும், காரணம் கேளாமல் விலக்கிவிட வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த ஆசிரியர்களும் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். அவர்கள் கையைக் கட்டுவது மதிப்பெண் பகுப்பு. கலைஞர்களை ஆராய்தல், உத்திகளைச் சோதித்துச் செம்மை செய்தல், பதிவு செய்தல், சொந்தப் படைப்பை வழங்குதல் என்னும் நான்கு நோக்கங்களுக்கும் அங்கே சம பங்கு. கிழித்ததும் தைத்ததும் சோதனை நடந்ததற்குக் கண்கூடான சாட்சியாக ஏட்டில் ஒட்டப்பட்டிருக்க, காத்திருந்ததற்குச் சாட்சி ஏதும் இல்லாதது போலத் தோன்றுகிறது. உண்மையில் சாட்சி இருக்கிறது. அதன் பெயர் கான்டாக்ட் ஷீட். ஒரே இடத்தில் ஒரே ஆளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்த படங்களையெல்லாம் சிறிதாக அச்சிட்ட அந்தத் தாளில், முதல் வரிசையில் விறைத்து நின்ற தோழி, மூன்றாம் வரிசையில் சலித்து, ஐந்தாம் வரிசையில் தன்னை மறந்து நிற்பதை எவரும் பார்க்கலாம். பரீட்சகர் முதலில் புரட்ட வேண்டிய பக்கம் அதுவே. ஆசிரியர் கொடுக்க வேண்டிய பயிற்சியும் எளியதே: ஓர் இடம், ஒரு லென்ஸ், ஒரு தோழர், அரைமணி நேரம், ‘இங்கே நில்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் இல்லை. இதற்குக் கைபேசி போதும். பாடத்திட்டமும் பரீட்சையும் இல்லாத ஊர்களிலும் இது நடக்கும். அந்த அரைமணியில் தம் தோழரைப் பற்றித் தமக்கு முன்பு தெரியாத ஒன்றைக் கண்டுகொண்ட மாணாக்கர், டைக்ஸ்ட்ராவின் பெயரை ஏட்டில் எழுதாவிட்டாலும் அவருடைய சீடரே.