ஆகாயத்தினின்று கண்ட கரை

முதன்முதல் ஆகாய விமானம் ஏறினோர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வகையின. மேகத்தைப் பஞ்சுப்பொதி என்பர். மனிதரை எறும்பு என்பர். காது அடைத்ததையும் நெஞ்சு படபடத்ததையும் விரிப்பர். இறங்கியபின் அவ்வூரிற் காணத்தக்க இடங்களை அடுக்கி முடிப்பர். இவற்றைக் குறைகூற யாம் வந்தோமில்லை. காது அடைப்பது மெய்யே. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் உள்ளே காற்றின் அழுத்தம் மாறுவதால் அது நேர்கிறது. எச்சிலை விழுங்கினால் நீங்கும். ஆயினும், பகலிற் பறப்பவனுக்கு வாய்க்கும் பெரும்பேறு வேறொன்று என்பது எமது துணிபு. நிலத்தில் நிற்பவன் துண்டு துண்டாகக் காணும் கடற்கரையை அவன் ஒரே கோடாகக் காண்கிறான். சன்னலை மூடிவிட்டு உறங்கிய சகபிரயாணிகளைப் பார்த்து யாம் உள்ளபடியே இரங்கினோம்.

யாம் சென்றது சென்னையினின்று விசாகப்பட்டினத்துக்கு. இருப்புப்பாதை வழியே அது சுமார் 780 கிலோமீட்டர். ஓர் இரவு முழுதும் வேண்டும். ஆகாய வழி சுமார் 600 கிலோமீட்டர். ஒன்றேகால் மணியில் முடிந்தது. 1932-ஆம் ஆண்டு அக்டோபரில் கராச்சியினின்று புறப்பட்ட டாட்டா கம்பெனியின் முதல் தபால் விமானச் சேவை, பம்பாய், பல்லாரி வழியாகச் சென்னை வந்துசேர மறுநாளாயிற்று என்பதை நினைத்தால், இவ்வேகத்தைக் கண்டு சலிப்படைபவனும் உண்டோ என்று தோன்றும். உண்டு, எமக்கருகில் இருந்தவர் இருமுறை கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்செறிந்தார்.

விமானம் கடலின்மேல் வளைந்து வடக்கே திரும்பியபோது இடப்புறத்தில் சென்னைத் துறைமுகம் தெரிந்தது. அதன் தெற்கே மெரீனாவின் அகன்ற மணற்பரப்பு. வடக்கே இராயபுரத்தில் கருங்கற் குவியலே கரை. இவ்வேறுபாடு இயற்கையாய் அமைந்ததன்று. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி தென்திசையினின்று சாய்ந்துவரும் அலைகள் மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் அது சிறிது திரும்பினும், கணக்கின் முடிவில் வடக்கே செல்வதே மிகுதி. 1870-களிற் கட்டத் தொடங்கிய துறைமுகச் சுவர் அம்மணலை மறித்தது. தெற்கே தங்கிய மணலால் மெரீனா பரந்தது. வரவேண்டியது வாராமையால் இராயபுரம் தேய்ந்தது. மாலையில் மெரீனாவில் உலாவும் நம்மில் எத்துணைப்பேர், அம்மணலில் ஒரு பங்கு வடக்கேயுள்ள மீனவருக்குச் சேரவேண்டியது என்று எண்ணியிருப்போம்?

கிருஷ்ணையின் முகத்துவாரம் பனிமூட்டத்தில் மங்கலாய்க் கழிந்தது. கோதாவரியோ அவ்வாறன்று. அக்டோபர் மாதமாதலின் ஆற்றுநீர் கலங்கியிருந்தது. நீலக்கடலுள் அது காவி நிறமாய் நெடுந்தூரம் பரவி நின்றது. கரைக்குள்ளே பச்சை வயல்கள். 1852-இல் ஆர்தர் காட்டன் தௌலேசுவரத்தில் அணைகட்டி முடித்ததன் பயன் அப்பசுமை. பின்னாளில் கோதாவரியிலும் அதன் உபநதிகளிலும் எழுந்த பேரணைகளோ நீரோடு வண்டலையும் மேலேயே நிறுத்திக்கொள்கின்றன. கடலுக்கு வந்துசேரும் மண் குறைந்துவிட்டது.

அடுத்து, காக்கிநாடாவுக்கு எதிரே அரிவாள் போல் வளைந்து கிடந்த ஒரு நீண்ட மணல்திட்டைக் கண்டோம். ஹோப் தீவு என்பது அதன் பெயர். கோதாவரி கொணர்ந்த மணலை அலைகள் வடக்கே இழுத்துச்சென்று ஆக்கியது அது. காக்கிநாடாத் துறைக்கு இன்று அதுவே அரண். அதற்கும் வடக்கே உப்பாடா. ஆங்கு நெய்யும் ஜம்தானிச் சேலைகள் பெயர்பெற்றவை. அச்சேலையை விரும்பி வாங்குவோர் பலரும், அவ்வூரின் கரையைக் கடல் ஆண்டுதோறும் தின்றுவருவதையும், காக்கிநாடாவுக்குச் செல்லும் சாலையைப் பலமுறை உடைத்ததையும் அறியார்.

இவ்வாறு மணலின் வழியைப் பின்பற்றியே யாம் விசாகப்பட்டினத்தில் இறங்கினோம். அறியாத ஊர், அறியாத பாஷை. விடுதியில் எமக்கு ஒரு பட்டியல் தந்தனர். அதிற் கண்டபடி கடற்கரையில் நிறுத்தப்பட்டுள்ள குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலுள் நுழைந்து பார்த்தோம். 1969 முதல் 2001 வரை கடற்படையில் உழைத்த கலம் அது, 2002-இல் காட்சிசாலையாயிற்று. மாலுமிகள் உறங்கிய இடத்தின் குறுக்கத்தைக் கண்டபின், விமானத்து இருக்கையைப் பற்றி முறையிடுதல் தகாது.

ஆனால் அந்நகரை அறிய வேண்டுவோன் முதலிற் செல்லத்தக்க இடம் துறைமுக வாயிலேயாம். தெற்கே டால்பின் மூக்கு என்னும் மலை கடலுள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. வடக்கே மூன்று குன்றுகள். ஒன்றில் கிறிஸ்தவ ஆலயம், ஒன்றில் தர்கா, ஒன்றில் வேங்கடேசுவரர் கோயில். உள்துறைமுகம் 1933-இல் திறக்கப்பட்டது. அதனைக் கட்டியோர், வடக்கே நகரும் மணல் வாயிலை அடைத்துவிடும் என்பதை முன்னமே அறிந்து, பழைய கப்பல்கள் இரண்டை வாயிலுக்குத் தெற்கே ஆழ்த்தி மணலை மறித்தனர். 1976-இல் வெளித்துறைமுகமும் அமைந்தது. மறித்துத் தேங்கிய மணலைத் தூர்வாரும் கப்பலால் அள்ளி, வடக்கேயுள்ள நகரக் கடற்கரையில் நீரோடு கலந்து பீய்ச்சுகின்றனர். 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் ஹுத்ஹுத் புயல் தாக்கியபோது இக்கரை பட்ட பாடு சொல்லுந்தரமன்று.

இம்முறையை யாம் மனமாரப் போற்றுகின்றோம். ஒருபுறத்து எடுத்ததை மறுபுறத்துக்குக் கொடுத்தல் நியாயமே. ஆயின் அது நகரத்தார் உலாவும் கரையோடு நின்றுவிடுவதேன்? மீன்பிடித் துறையில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், தாம் இளமையிற் படகேற்றிய இடத்தில் இன்று அலை அடிக்கிறதென்றார். அவர் சொல்லிய இசுக என்பது மணல், படவ என்பது படகு என உணர எமக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கவில்லை. துறைமுகம் கட்டுதல் ஆகாது என்பார் கூட்டத்தில் யாம் சேரோம். துறைமுகமின்றி இந்நகரே இன்றுள்ள நிலையில் இராது. துறைமுகச் செலவின் கணக்கில் கப்பலும் சுவரும் போலவே வடக்கேயுள்ள மீனவர் கரையின் மணலும் ஒரு நிரந்தர இனமாய் இருத்தல் வேண்டும் என்பதே எமது விண்ணப்பம். சேதமுற்றபின் ஈயும் நிவாரணத் தொகை அதற்கு ஈடாகாது.

நம் கல்லூரிகளில் சுற்றுப்பயணம் வகுப்போருக்கும் ஒன்று சொல்வோம். பணவசதி இருப்பின் மாணாக்கரை ஒருவழி பகல் விமானத்தில் அழைத்துச் செல்லுங்கள். மறுவழி பகல் இரயிலில் வாருங்கள். மேலிருந்து கோடாகக் கண்டதைக் கீழிருந்து அளந்து பார்க்கலாம். யாம் அவ்வாறே திரும்பினோம். இராஜமகேந்திரவரத்துப் பாலத்தைக் கடக்கப் பல நிமிடங்கள் ஆயின. கீழே கோதாவரியில் மணல் நிரம்பிய படகுகள் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தன. கரையில் லாரிகள் காத்து நின்றன.