பழைய வண்டியும் பெட்ரோற் கணக்கும்

கிருஷ்ணன்கோவிலினின்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நாடோறும் பழைய மோட்டார் வண்டியிற் சென்று மீள்வோர் பலர். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என அவர் உரைப்பது பெரும்பாலும் வண்டி வாங்கிய நாளிற் கேட்ட எண்ணே. அத்தகைய எண்கள் பரிசோதனைச் சாலையில் உருளைகளின்மேல் வண்டியை ஓட்டிக் காணப்படுவன. கடைத்தெரு நெரிசலும், காற்றுக் குறைந்த டயரும் அங்கு இல்லை. மேலும், 2025 முதல் நாடெங்கும் விற்கும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனாலின் ஆற்றலோ, அளவொத்த பெட்ரோலினும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைவு. கார்புரேட்டர் பொருந்திய பழைய மாருதி 800 போன்றவை இம்மாறுதலுக்கேற்பத் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளமாட்டா. இவற்றை எண்ணாது எஞ்சினைப் பிரிப்பதும் வண்டியை விற்பதும் பேதைமையன்றோ? தொட்டியை நிரப்பி ஓட்டி, மீண்டும் நிரப்புங்கால், ஓடிய தொலைவை ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பார்ப்போமாக. அவ்வெண் சிறிதாயினும் நம்முடையது. குடும்பச் செலவைத் திட்டமிட அதுவே துணை.