நெல் கொடுத்தவர் பெயரில் கடன்

கொச்சியின் இடப்பள்ளியிலிருந்து ஆலுவா பக்கம் சற்றே போனால் களமசேரி. 2023 ஆகஸ்ட் 30, திருவோணத்துக்கு மறுநாள், அங்கே நடந்த வேளாண் விழாவில் நடிகர் ஜெயசூர்யா பேச எழுந்தார். வேளாண் அமைச்சர் பி. பிரசாத்தும் தொழில் அமைச்சர் பி. ராஜீவும் மேடையில் இருந்தார்கள். நெல்லைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் விவசாயிகள் திருவோணத்தன்று உண்ணாவிரதம் இருந்ததை அமைச்சர்கள் முன்னாலேயே சொன்னார். தன் நண்பரும் நடிகரும் விவசாயியுமான கிருஷ்ணபிரசாத்தின் பெயரையும் குறிப்பிட்டார்.

கிருஷ்ணபிரசாத்துக்குப் பணம் எப்போதோ போய்விட்டது என்று அரசு பதில் சொன்னது. பிறகு பேச்செல்லாம் அந்த ஒருவருடைய வங்கிக் கணக்கைச் சுற்றியே நடந்தது. அந்தப் பணம் விவசாயியின் கைக்கு எந்த வழியாக வருகிறது என்ற கேள்வி அதில் அமுங்கிப்போனது.

கேரளத்தில் நெல்லை வாங்குவது மாநில அரசின் குடிமைப்பொருள் கழகமான சப்ளைகோ. தலைமையகம் கொச்சியிலேயே, காந்தி நகரில் இருக்கிறது. ஆலைக்காரர் வந்து நெல்லை எடுத்துப் போனதும் விவசாயிக்கு ஒரு ரசீது கிடைக்கும். ‘பி.ஆர்.எஸ்’ என்பார்கள். அதை வங்கியில் கொடுத்தால் பணம் வரும். ஆனால் விவசாயியின் பெயரில், கடனாக. அசலையும் வட்டியையும் சப்ளைகோ பின்னால் வங்கிக்குக் கட்டிவிடும் என்பது ஏற்பாடு. அரிசி ரேஷன் கடைக்குப் போய், மத்திய அரசின் பங்கு வந்து, மாநிலமும் தன் பங்கை ஒதுக்கினால்தான் சப்ளைகோ கையில் காசு புரளும். அதுவரை வங்கிப் புத்தகத்தில் கடன்காரர், நெல்லை விளைவித்தவர்.

2023 நவம்பரில் குட்டநாட்டுப் பகுதியில், தகழியைச் சேர்ந்த ஒரு விவசாயி உயிரை மாய்த்துக்கொண்டார். இந்த பி.ஆர்.எஸ் கடனால்தான் தனக்கு வேறு கடன் மறுக்கப்பட்டது என்பது அவருடைய புகார். அரசு அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். விற்ற நெல்லுக்கான பணம் விவசாயியின் சிபில் கடன் பதிவில் ஏறுகிற வழியை ஏன் வைத்திருக்க வேண்டும்?

விலையில் இன்னொரு கதை. 2022-23இல் கிலோவுக்கு 28.20 ரூபாய், மத்திய அரசின் ஆதார விலை 20.40, மாநில ஊக்கத்தொகை 7.80. அடுத்த ஆண்டு ஆதார விலை 21.83 ஆனது, அதற்கடுத்த ஆண்டு 23. விவசாயி வாங்கியதோ அதே 28.20தான். டெல்லி ஏற்ற ஏற்ற, மாநிலம் தன் பங்கை 6.37 ஆகவும் பிறகு 5.20 ஆகவும் குறைத்துக்கொண்டது. உரமும் கூலியும் அந்த ஆண்டுகளில் அப்படியே நின்றுவிடவில்லை. 2025 நவம்பரில்தான் விலை 30 ரூபாய் ஆனது.

தமிழ்நாட்டின் ஊக்கத்தொகை இதைவிடச் சிறியது. 2024-25இல் சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 130 ரூபாய்தான், கிலோவுக்கு 1.30. நேரடி கொள்முதல் நிலையங்களில் காத்திருப்பு உண்டு, மூட்டைகள் மழையில் நனைவதும் உண்டு. ஆனால் பணம் விற்ற விலையாகவே கணக்கில் ஏறுகிறது, கடனாக அல்ல.

இத்தனைக்கும், நிலத்தை வயலாகவே வைத்திருப்பவர்களுக்கு 2020இல் ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் ‘ராயல்டி’ தரத் தொடங்கிய மாநிலம் கேரளம். வயல் நீரைத் தேக்குகிறது, அதற்கு ஊர் கடன்பட்டிருக்கிறது என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டது பெரிய காரியம். இடப்பள்ளிக்கு அருகே கடமக்குடியின் பொக்காளி வயல்களைப் பார்த்தவர்களுக்கு அதன் நியாயம் புரியும். உப்புநீரைத் தாங்கும் நெல், அறுவடைக்குப் பின் அதே வயலில் இறால். 1970களில் எட்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த கேரளத்தின் நெல் பரப்பு இன்று சுமார் இரண்டு லட்சம்.

மிச்சமிருப்பதைக் காப்பாற்ற நினைக்கும் அரசு முதலில் செய்ய வேண்டியது, பி.ஆர்.எஸ் கடனைச் சப்ளைகோவின் பெயருக்கு மாற்றுவது. தாமதமானால் வங்கி சப்ளைகோவிடம் கேட்கட்டும்.