கொள்ளைநோயும் சர்வகலாசாலையும்

கொரோனா நோயை உலகளாவிய கொள்ளைநோய் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச் 11ந் தேதி கூறிற்று. அந்நோய் பற்றிய சர்வதேச அவசரநிலை நீங்கியது என்று 2023 மே 5ந் தேதி அதே ஸ்தாபனம் அறிவித்தது. அதன்பின் முகக்கவசத்தோடு அந்நாட்களின் நினைவையும் ஜனங்கள் கழற்றி வைத்துவிட்டார்கள். அதில் பிழையில்லை, பட்ட துன்பத்தை மறந்தாலன்றிக் குடும்பம் நடவாது. ஆனால், கற்றதை மறவாதிருப்பதற்கென்றே ஜனங்கள் தங்கள் வரிப்பணத்தைக் கொடுத்துச் சில ஸ்தாபனங்களை வைத்திருக்கிறார்கள். அவற்றுள் தலையாயது சர்வகலாசாலை. மறுபடி ஒரு கொள்ளைநோய் வருமானால் அது என்ன செய்யும்? அமைதியான காலத்திலேயே இதைக் கேட்டுவிடுவது நல்லது.

2020 மார்ச் 17ந் தேதி தமிழ்நாட்டில் கல்லூரிகள் மூடப்பட்டன. எட்டு மாதங்களுக்கும் மேல் கழித்து, அவ்வாண்டு டிசம்பரில் இறுதியாண்டு மாணாக்கருக்கு மட்டும் திறக்கப்பட்டன. மற்றவர்களுக்கு 2021 பிப்ரவரியில்தான் கதவு திறந்தது. மூடியது தவறு என்று நாம் சொல்லமாட்டோம். சென்னையிலுள்ள ஐ.ஐ.டி.யில் சில நூறு மாணவர்களே தங்கியிருந்தும், 2020 டிசம்பர் நடுவில் நூறு பேருக்கு மேல் நோய் கண்டது. உணவுக்கூடத்தில் பலர் ஒன்றாய்க் கூடியது அதற்குக் காரணமாகச் சுட்டப்பட்டது. பணமும் நிபுணர்களும் நிறைந்த இடத்திலேயே அப்படியென்றால், ஓர் அறையில் பலர் படுத்துறங்கும் மற்ற விடுதிகளின் கதி என்னவாகியிருக்கும்? ஆகவே மூடவேண்டியது அவசியமே. மூடிய பின் மாணவனோடு சர்வகலாசாலைக்கு என்ன உறவு இருந்தது என்பதே நமது கேள்வி.

கம்பம் பள்ளத்தாக்கில் சுருளி அருவிக்குப் போகும் வழியிலுள்ள சுருளிப்பட்டியை எடுத்துக்கொள்வோம். இவ்வட்டாரத்துப் பிள்ளைகள் உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் உள்ள கல்லூரிகளில் படிக்கிறார்கள். அக்கல்லூரிகளில் சில சார்ந்திருக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகமோ, ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு அப்பால், நாகமலைப் பக்கத்தில் இருக்கிறது. ஊரடங்கு வந்தவுடன் குமுளி மலைப்பாதை அடைபட்டது. நாள்தோறும் ஜீப்பில் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய்க் கூலி வாங்கி வந்தவர்கள் வீட்டிலே முடங்கினார்கள். பன்னீர் திராட்சை வண்டியும் சந்தையும் இன்றிக் கொடியிலேயே வாடிற்று. இத்தகைய வீட்டு மாணவனிடம், "பாடம் இனி இணையத்தில் நடக்கும்" என்று சொல்லப்பட்டது.

1665ல் பிளேக் நோய்க்கு அஞ்சிக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை மூடப்பட்டபோது நியூட்டன் கிராமத்துக்குப் போய்ப் பெரிய உண்மைகளைக் கண்டார் என்ற கதையை அந்நாட்களில் பலர் மேடையில் எடுத்துச் சொன்னார்கள். நியூட்டன் போய்ச் சேர்ந்த வீட்டுக்குச் சொந்த நிலம் இருந்தது. கூலி நின்றுபோன வீட்டுக்குத் திரும்பும் பிள்ளை முதலில் நாடுவது வேலையைத்தான்.

இணையம் எத்தனை வீடுகளில் இருந்தது? மத்திய சர்க்காரின் புள்ளிவிவர இலாகா 2017-18ல் எடுத்த கணக்கின்படி, இந்தியக் கிராமங்களில் நூற்றுக்குப் பதினைந்து வீடுகளில்தான் இணைய வசதி இருந்தது, நகரங்களில் நாற்பத்திரண்டு. கணிப்பொறி இருந்த கிராமத்து வீடுகளோ நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. இந்தக் கணக்கு ஏற்கெனவே அச்சாகிக் கையில் இருந்தது. இருந்தும், தமிழ்நாட்டுக் கல்லூரி மாணாக்கர் 9,69,047 பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. அளவில் இணைய வசதி இலவசமாகத் தரப்படும் என்ற அறிவிப்பு 2021 ஜனவரியில்தான் வந்தது. உதவி வந்ததற்கு நன்றி சொல்லலாம். கதவு மூடிப் பத்தாம் மாதத்தில் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதற்கிடையில் அதிகாரிகளின் கவனமெல்லாம் எங்கே போயிற்று? பரீட்சை ஒன்றின் மேலேயே போயிற்று. 2020 செப்டம்பர் முடிவுக்குள் இறுதியாண்டுப் பரீட்சையை நடத்தியே தீரவேண்டும் என்று டில்லியிலுள்ள பல்கலைக்கழக மானியக் குழு ஜூலை 6ந் தேதி கட்டளையிட்டது. நிலுவைப் பாடங்களுக்குக் கட்டணம் செலுத்தியவர்கள் பரீட்சை எழுதாமலே தேறலாம் என்று சென்னை சர்க்கார் ஆகஸ்டில் அறிவித்தது. ஆகஸ்ட் 28ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறிற்று: பேரிடர்ச் சட்டத்தைக் கொண்டு பரீட்சையைத் தள்ளிவைக்க மாகாணம் கோரலாம், பரீட்சையே இன்றி இறுதியாண்டு மாணாக்கரைத் தேர்ச்சி செய்ய முடியாது. நிலுவைப் பாட விவகாரம் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. எழுதாமலே தேறுவதை அந்தக் கோர்ட்டும் 2021 ஏப்ரலில் ஏற்க மறுத்தது.

சட்ட நியாயத்தில் இத்தீர்ப்புகளை நாம் குறை கூறவில்லை. பட்டம் என்பது படித்ததற்கு அத்தாட்சி. அத்தாட்சியைத் தானமாக வழங்கினால் வாங்கியவனுக்கே நஷ்டம். ஆனால் இந்த வழக்காடலில் இரு கட்சிக்கும் ஒரே குறை இருந்தது. பரீட்சை நடந்தே தீரவேண்டும் என்றவர்களும், எல்லோரும் தேறட்டும் என்றவர்களும், மாணவன் எங்கே இருக்கிறான், பாடம் அவன் கையில் கிடைத்ததா என்று கேட்கவில்லை. முன்னவர்களுக்குத் தேதி முக்கியம். பின்னவர்களுக்குக் கைதட்டல் முக்கியம்.

நல்ல யோசனைகளே இல்லாமற் போகவுமில்லை. மானியக் குழு 2020 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டியிலேயே, மாணாக்கரின் குறைகேட்க ஒவ்வொரு சர்வகலாசாலையிலும் தனிப்பிரிவு வேண்டும் என்றும், ஊரடங்கு நாட்களை வருகை நாட்களாகவே கொள்ளலாம் என்றும் கண்டிருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சர்வகலாசாலைகள் சில, வீட்டிலிருந்தே தாளில் விடையெழுதும் முறையைக் கைக்கொண்டன. இணையத்தில் ஏற்ற இயலாதவர்கள் விரைவுத் தபாலில் அனுப்பவும் இடமளித்தன. தபாலாபீஸ் இருக்கும் இடத்திலெல்லாம் சர்வகலாசாலையும் இருக்கமுடியும் என்பதை இது காட்டுகிறது. பரீட்சைக்குத் தபால் உதவுமானால் பாடத்துக்கு ஏன் உதவாது? அச்சிட்ட பாடக்குறிப்பை மாதம் ஒருமுறை அனுப்பியிருந்தால் எத்தனையோ பிள்ளைகள் தொடர்பு அறாமல் இருந்திருப்பார்கள்.

ஆகவே ஒவ்வொரு சர்வகலாசாலையும் கொள்ளைநோய்க் கால ஏற்பாடு ஒன்றை இப்போதே எழுதி, தன் சபையில் நிறைவேற்றிப் பிரசுரிக்கவேண்டும் என்று கோருகிறோம். அதில் ஐந்து விஷயங்களேனும் இருக்கவேண்டும்.

முதலாவது, அறிவிப்புகள் தமிழில் இருக்கவேண்டும். இணையத்தில் மட்டுமின்றி, காகிதத்தில் அச்சாகிக் கிராமப் பஞ்சாயத்து ஆபீசிலும் ரேஷன் கடையிலும் ஒட்டப்படவேண்டும். பெற்றோர் படித்தறிய முடியாத இங்கிலீஷ் சுற்றறிக்கை, சுயராஜ்யம் வந்து எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் தொடர்வது நமக்குப் பெருமையன்று. இரண்டாவது, ஒவ்வோர் ஆசிரியர் பொறுப்பிலும் இருபது முப்பது மாணாக்கரைப் பெயர் சொல்லி ஒப்படைத்து, வாரம் ஒருமுறை அவர் நேரே பேசி விசாரிக்கவேண்டும். பேச்சுக்கு எட்டாதவர் யார் என்ற பட்டியல் துணைவேந்தர் மேஜைக்குப் போகவேண்டும். மூன்றாவது, மாணவன் எந்தக் கல்லூரியைச் சேர்ந்தவனாயினும், வீட்டுக்கு அருகிலுள்ள கல்லூரியிலோ அரசாங்கப் பள்ளியிலோ பரீட்சை எழுத உரிமை வேண்டும். நான்காவது, விடுதியை மூடும்போது, போக வீடில்லாதவர்க்கும், வீடு போனால் படிப்பே நின்றுவிடும் என்ற பெண்களுக்கும் இடம் ஒதுக்கவேண்டும். ஐந்தாவது, தேர்வா ரத்தா என்பதை வாரத்துக்கு ஒருமுறை மாற்றாமல், முடிவையும் அதன் காரணத்தையும் ஒரே முறையில் சொல்லவேண்டும். அந்நாட்களில் நோய்க்கு அஞ்சிய அளவு வதந்திக்கும் மாணாக்கர் அஞ்சினார்கள்.

இதற்கெல்லாம் பணம் ஏது என்று கேட்பார்கள். ஆசிரியர் தொலைபேசியில் பேசுவதற்கும், அறிவிப்பைத் தமிழில் அச்சிடுவதற்கும், பக்கத்துப் பள்ளிக்கூடத்தைத் திறந்து கொடுப்பதற்கும் எத்தனை கோடி வேண்டும்? பணத்தைவிட மனமே இதற்கு முக்கியம். பட்டமளிப்பு விழாவுக்குப் பந்தல் போடும் சுறுசுறுப்பில் பாதி இருந்தால் போதும்.

கூலிக்காரர் வீட்டில் கல்லூரிப் படியேறும் முதல் பிள்ளை, அந்தக் குடும்பத்தின் பல தலைமுறைச் சேமிப்பு. ஒரு பருவம் தொடர்பு அறுந்தால் அவன் திராட்சைத் தோட்டத்துக்கோ திருப்பூர் மில்லுக்கோ போய்விடுகிறான். போனவன் திரும்புவது அரிது. தோட்ட வேலை இழிவென்று நாம் சொல்லவில்லை. அவனாக விரும்பிப் போவது வேறு. கைவிடப்பட்டுப் போவது வேறு. நோயால் மாண்டவர்க்குக் கணக்கு வைத்தோம். படிப்பை இழந்தவர்க்குக் கணக்கு எங்கே? 2020 மார்ச்சில் பெயர் இருந்து, 2021 பிப்ரவரியில் வகுப்புக்குத் திரும்பாத மாணாக்கரின் பட்டியலை ஒவ்வொரு கல்லூரியும் தன் பதிவேட்டிலிருந்து எடுத்து வெளியிடட்டும். அவர்களில் மறுபடி படிக்க விரும்புவோரைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளட்டும். வருங்கால ஏற்பாட்டுக்கு அதுவே முதல் அத்தியாயமாகும்.