அச்சில் வந்ததெல்லாம் அத்தாட்சியா?

நம் மக்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒரு சங்கதிக்கு ஆதாரம் என்னவென்று கேட்டால், "சாஸ்திரத்தில் சொல்லியிருக்கிறது" என்பார்கள். எந்தச் சாஸ்திரம், யார் எழுதினது, எழுதினவருக்கு அது எப்படித் தெரியும் என்று மேலும் கேட்டால், கேட்டவனை நாஸ்திகன் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இந்த வழக்கத்தை ஒழிக்கவே நமது இயக்கம் இத்தனை காலமாய்ப் பாடுபட்டு வருகிறது. ஆனால், சாஸ்திரத்தைக் கீழே போட்டுவிட்ட நமது தோழர்களிலேயே பலர், காலியான அந்தப் பீடத்தில் பத்திரிகையைத் தூக்கி வைத்துக் கொண்டிருக்கிறார்கள் என்பதைச் சொல்ல நாம் வெட்கப்படுகிறோம். "பத்திரிகையில் போட்டிருக்கிறான்", "டெலிவிஷனில் காட்டினான்", "கைப்பேசியில் வந்தது" என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் கேள்வியே இல்லை என்று நினைக்கிறார்கள். இரண்டு பத்திரிகைகள் ஒன்றுக்கொன்று மாறாக எழுதினாலோ, இரண்டில் எது தன் மனசுக்கு இசைவாயிருக்கிறதோ அதுவே உண்மை என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

இந்தப் புத்தி ஒரு மனிதனுடைய மானத்தையும் வாழ்வையும் எப்படிப் பறித்துவிடக்கூடும் என்பதற்கு, 2007-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த டாக்டர் ஹனீஃப் கேஸைப்போலத் தெளிவான திருஷ்டாந்தம் வேறு கிடைப்பது அரிது. அதை மறந்தவர்கள் நினைவுபடுத்திக் கொள்ளவும், அறியாதவர்கள் அறிந்து கொள்ளவும் இங்கு எழுதுகிறோம்.

அந்த ஆண்டு ஜூன் 29-ல் லண்டன் நகரத்தின் நடுவில், பெட்ரோலும் காஸ் சிலிண்டரும் ஆணிகளும் நிரப்பிய இரண்டு கார்கள் வெடிக்காமல் அகப்பட்டன. மறுநாள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ விமான நிலையக் கட்டடத்தின்மேல் எரியும் ஜீப் ஒன்று மோதப்பட்டது. ஜீப்பை ஓட்டிய கஃபீல் அகமது தீக்காயத்தால் ஆகஸ்டு 2-ல் மாண்டான். கூட இருந்த டாக்டர் பிலால் அப்துல்லாவுக்கு 2008 டிசம்பரில் ஆயுள் தண்டனையும், குறைந்தது 32 வருஷம் சிறையில் இருக்க வேண்டுமென்ற உத்தரவும் கிடைத்தன. இவர்கள் செய்தது கொடிய பாதகம், அதில் சந்தேகமில்லை. குற்றவாளிகளைத் தேடிப் பிடிக்கவேண்டியது போலீஸாரின் கடமை. அதையும் நாம் குறை சொல்ல வரவில்லை.

ஜூலை 2-ந்தேதி, ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து வந்த, கர்நாடகத்தைச் சேர்ந்த 27 வயதுள்ள டாக்டர் முகம்மது ஹனீஃப், இந்தியாவுக்குப் புறப்படப் பிரிஸ்பேன் விமான நிலையத்திற்கு வந்தபோது பிடிக்கப்பட்டார். கஃபீலும் அவன் தம்பியும் அவருக்குத் தூரத்து உறவு. அவர் 2006-ல் பிரிட்டனைவிட்டுக் கிளம்பியபோது தமது டெலிபோன் சிம் கார்டை அந்தத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். இவ்வளவுதான் ஆதாரம். இதற்காக 12 நாள் குற்றமே சாட்டாமல் காவலில் வைத்திருந்து, ஜூலை 14-ல் பயங்கரவாதிகளுக்கு உதவி செய்ததாகக் கேஸ் போட்டார்கள்.

அன்று கோர்ட்டில் சர்க்கார் வக்கீல் சொன்னது என்ன? அந்த சிம் கார்டு கிளாஸ்கோவில் எரிந்த ஜீப்பிற்குள் இருந்தது என்றார். பத்திரிகைகளுக்கு வேறென்ன வேண்டும்? வெடிவண்டிக்குள் டாக்டரின் சிம் கார்டு என்ற செய்தி உலகமெங்கும் பரவிற்று. படித்தவர்கள் மனதில் கேஸ் அன்றே முடிந்துவிட்டது.

ஜூலை 20-ல் ஆஸ்திரேலிய ஒலிபரப்பு நிலையம் நேர்மாறான செய்தியைச் சொல்லிற்று. சிம் கார்டு ஜீப்பில் இல்லவே இல்லை. அது சாலை வழியே 300 கிலோமீட்டருக்கு அப்பால், லிவர்பூல் நகரத்தில், அந்தத் தம்பியிடம்தான் இருந்தது என்றது. எங்கே இருந்தால் என்ன என்று கேட்டுவிடக் கூடாது. ஜீப்பில் இருந்தால் அது வெடிகுண்டின் ஒரு உறுப்பைப்போல் தோன்றும். லிவர்பூலில் இருந்தால், ஊரைவிட்டுப் போகிற ஒருவர் மிச்சமிருந்த டெலிபோன் சௌகரியத்தை உறவினனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அதை வைத்திருந்த தம்பிமேல்கூட, தெரிந்த தகவலை மறைத்தான் என்ற குற்றம்தான் பிரிட்டிஷ் கோர்ட்டில் நின்றதே ஒழிய, சதியில் சேர்ந்தான் என்ற குற்றம் இல்லை.

சங்கதி இத்தோடு நின்றதா? ஒரு வழி டிக்கெட் வாங்கினதற்கு ஹனீஃப் சமாதானம் சொல்லவில்லை என்று போலீஸார் கோர்ட்டில் கொடுத்த தஸ்தாவேஜில் இருந்தது. அவருடைய வக்கீல் ஸ்டீபன் கைம், 142 பக்கமுள்ள போலீஸ் விசாரணைப் பிரதியை ஒரு பத்திரிகைக்குத் தாமே கொடுத்தார். ஜூலை 18-ல் அது வெளிவந்தபோது பார்த்தால், ஊரில் பெண் குழந்தை பிறந்து சில நாளே ஆகியிருந்ததும், டிக்கெட்டை மாமனார் எடுத்துக் கொடுத்ததும், பிரிட்டிஷ் போலீஸ் அதிகாரிக்கு ஹனீஃபே பலதடவை டெலிபோன் செய்து பார்த்ததும் அதில் விவரமாய் இருந்தன! ஜூலை 22-ல் சில பத்திரிகைகள், கோல்டு கோஸ்டில் ஒரு கட்டடத்தைத் தகர்க்கும் சதியில் அவர் சம்பந்தப்பட்டதாகப் போலீஸார் விசாரிக்கிறார்கள் என்று எழுதின. அன்றைக்கே போலீஸ் தலைவர் மிக் கீல்ட்டி அதை மறுத்தார். காலையில் ஒரு புராணம், மாலையில் அதற்கு மறுப்பு! ஆனால் புராணத்தைப் படித்த அத்தனை பேரும் மறுப்பைப் படித்திருப்பார்களா?

ஜூலை 27-ல் கேஸ் வாபஸ் வாங்கப்பட்டது. கோர்ட்டில் சொன்னவற்றில் தவறு நேர்ந்துவிட்டதென்று சர்க்கார் தரப்பே ஒப்புக்கொண்டது. பின்னால் நடந்த கிளார்க் விசாரணையின் அறிக்கை 2008 டிசம்பரில் வெளியாகி, ஹனீஃபுக்குச் சதியில் சம்பந்தமோ முன்னறிவோ இருந்ததாக எந்த ஆதாரமும் இல்லை என்றது. 2010-ல் சர்க்கார் நஷ்டஈடு கொடுத்தது.

நிற்க. இதில் நமது இயக்கத்தார் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஜூலை 16-ல் மாஜிஸ்ட்ரேட் அவருக்கு ஜாமீன் கொடுத்தார். அன்றே குடியேற்ற மந்திரி கெவின் ஆண்ட்ரூஸ், இவர் குற்றவாளிகளோடு சம்பந்தமுள்ளவர், ஆகையால் நன்னடத்தை இல்லாதவர் என்று விசாவை ரத்து செய்தார். அதாவது உறவே குற்றமாயிற்று. சமஷ்டிக் கோர்ட்டில் அந்த உத்தரவு விசாரணைக்கு வந்தபோது நீதிபதி ஸ்பெண்டர், குற்றஞ் சாட்டப்பட்டவர்களோடு தாமும் பழகியிருப்பதால் அந்த அளவுகோலின்படி தாமே தேறமாட்டார் என்று சொல்லிக் காட்டினார். ஆகஸ்டு 21-ல் உத்தரவைத் தள்ளினார். மந்திரியின் அப்பீலும் டிசம்பரில் தோற்றது.

இன்னாருக்கு உறவாய்ப் பிறந்ததால் நீ குற்றவாளி என்பதற்கும், இன்ன ஜாதியில் பிறந்ததால் நீ கீழ்மகன் என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம். இரண்டும் ஒரே மரத்துக் காய்களல்லவா? பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடையில் கைதட்டுகிற நாம், பத்திரிகையில் ஒரு முஸ்லிம் பெயரைக் கண்டவுடன், "இருக்கும், இருக்கும்" என்று தலையசைத்தால், நாம் தட்டிய கைக்கு என்ன மதிப்பு?

இனி, பத்திரிகைகளெல்லாம் பொய்யே என்று தள்ளிவிடலாமா என்றால், அதுவும் மூடநம்பிக்கையேயாகும். எல்லாவற்றையும் நம்புகிறவனும் ஒன்றையும் நம்பாதவனும் யோசிக்கிற சிரமத்திலிருந்து ஒருங்கே தப்பித்துக் கொள்ளுகிறார்கள். ஹனீஃபைக் கெடுத்தது பத்திரிகைச் செய்தி என்றால், அவரைக் காப்பாற்றியதும் பத்திரிகைச் செய்திதான். "சிம் கார்டு உண்மையில் எங்கே இருந்தது?" என்று ஒருவர் கேட்டார், அவ்வளவே. பெரிய வித்தை ஒன்றுமில்லை. சர்க்கார் வக்கீல் சொன்னாரே, போலீஸார் சொன்னார்களே என்று அவர் சும்மா இருந்திருந்தால், அந்தப் பொய் இன்றும் சரித்திரமாக உலாவிக் கொண்டிருக்கும்.

ஆகவே வாசகர்களுக்கு நாம் சொல்வதாவது: இம்மாதிரிச் செய்தி வரும்போது, அதை நேரில் பார்த்தவர் யார், கேட்டுச் சொன்னவர் யார் என்று பாருங்கள். பெயர் சொல்லாத அதிகாரி சொன்னதை, பெயர் சொல்லாத தேவதை சொன்னதற்கு மேலாக மதிக்காதீர்கள். குற்றஞ் சாட்டப்பட்டவர் தம் வாயால் என்ன சொன்னார் என்பதைத் தேடிப் படியுங்கள். இந்தச் செய்தியால் லாபம் அடைகிறவர் யார் என்று கேளுங்கள். நேற்றைய செய்திக்கு இன்று மறுப்பு வந்திருக்கிறதா என்று பார்த்து, வந்திருந்தால், நேற்று யார் யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடமெல்லாம் போய் மறுப்பையும் சொல்லுங்கள். இரண்டு செய்திகள் முரண்படும்போது, "இன்னும் தெரியவில்லை" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதுதான் அறிவு. தெரிந்ததாக நடிப்பது புரோகிதன் வேலை.

முக்கியமாக, நமக்குப் பிடிக்காதவன்மேல் பழி சொல்லும் செய்தியை இரண்டு தடவை சோதியுங்கள். ஏனெனில் நம்மை ஏமாற்றுகிறவன் நமது வெறுப்பைத்தான் வாசற்படியாக உபயோகித்து உள்ளே வருகிறான். இந்தச் சோதனையிலிருந்து நமது பத்திரிகைக்கும் விலக்கு வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. நாம் எழுதினதையும் இப்படியே சோதித்துப் பார்த்து, பிழையிருந்தால் நமக்கே எழுதுங்கள்.

ஹனீஃபுக்கு நல்ல வக்கீல் கிடைத்தார். கேள்வி கேட்கும் நிருபர் கிடைத்தார். மந்திரிக்குப் பயப்படாத நீதிபதி கிடைத்தார். அப்படியும் தம் குழந்தையைப் பார்க்க நினைத்த நாளில் பார்க்க முடியாமல், ஜூலை 29-ல்தான் அவர் பெங்களூர் வந்து சேர்ந்தார். இவர்களில் ஒருவருமே கிடைக்காத ஏழையின் கதி என்ன? அவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே கோர்ட்டு, செய்தியைப் படிக்கிற நமது பகுத்தறிவுதான். அந்தக் கோர்ட்டையும் நாம் பூட்டி வைத்துக்கொண்டு, சுயமரியாதைக்காரர் என்று சொல்லிக் கொள்ளலாமா?