அருகில் சென்றவர்



2022இல் கான் திரைப்பட விழாவில் ஏ. ஆர். ரகுமான் இயக்கிய 'லே மஸ்க்' காண்பிக்கப்பட்டது. கண்களை மூடும் கருவியை அணிந்து, நறுமணத்தையும் நுகர்ந்தவாறு, கதைக்குள்ளேயே இருப்பதாக உணரச் செய்யும் படம் அது. 2015இல் சிரிய அகதிச் சிறுமி ஒருத்தியின் முகாம் வாழ்வையும் ஐ.நா. சபை இவ்வகைப் படமாக்கிற்று. கண்டோர் கண்கலங்கினர். அக்கண்ணீர் செயலாகுமா என அறிஞர் ஆராய்கின்றனர்.

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. எரிக்கோ சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவனை மூவர் கண்டனர். குருவும் லேவியனும் விலகிச் சென்றனர்; சமாரியனோ மனமிரங்கி, நெருங்கிச் சென்று, காயங்களைக் கட்டினான். காட்சியைக் கருவி தரலாம். நெருங்கிச் செல்லும் கால்கள் நம்முடையவை.

திருப்பாலைவனத்து ஏரியில் மீன் படாத நாளில், அடுத்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை அறிய நமக்குக் கருவி எதற்கு? இன்றே அக்கதவைத் தட்டுவோம்.